முதல்ல எடுத்து வைங்க, அப்புறம் பரிமாறுங்க

கேள்வி: நான் தஞ்சாவூர் பக்கம், கல்யாணமாகி சிங்கப்பூர் வந்து நாலு வருஷம் ஆகுது. யீஷூன்ல மூணு அறை வீடு. மாமனார், மாமியார், வீட்டுக்காரர், என்எஸ்ல (கட்டாயத் தேசிய சேவை) இருக்கற கொழுந்தன், நான், ரெண்டரை வயசுப் பையன். வீட்டுக்காரர் சம்பளம் 2,600 வெள்ளி, அதுலதான் எல்லாம் ஓடணும். போன மாசம் பாலிகிளினிக்ல ரத்தம் பார்த்தப்ப பையனுக்கு ஹீமோகுளோபின் 9.4, எனக்கு 9.1னு சொல்லி ரெண்டு பேருக்கும் இரும்புச்சத்து மருந்து குடுத்தாங்க. எனக்கு வயிறு கட்டிக்குதுன்னு நான் நிறுத்திட்டேன். பையன் சோறே தொட மாட்டான், பேக்கெட் பால்தான், ஒரு நாளைக்கு அஞ்சு பாட்டில். வாரத்துல மூணு நாள் மீனோ கறியோ சமைக்கறோம், ஆனா நானும் அத்தையும் கடைசியாத்தான் உக்காருவோம், அப்போ குழம்புதான் மிச்சம் இருக்கும். அரிசி களையறப்ப ஒரு கை எடுத்து வாயில போட்டு மென்னுட்டே இருக்கேன், விட முடியல, வெளிய சொல்லவும் வெக்கமா இருக்கு. எந்த டானிக் வாங்கலாம்? பக்கத்து வீட்டு அக்கா டின் பால் பவுடர் வாங்கச் சொல்றாங்க. தனிக்குடித்தனம் போனா எல்லாம் சரியாகிடுமோன்னும் தோணுது. அத்தை வேற அடுத்த புள்ளை எப்போன்னு கேக்கறாங்க.

பதில்:

தங்கச்சி, அந்த அரிசி மெல்லுறதுக்கு வெக்கப்படவே வேணாம். இரும்புச்சத்து ரொம்பக் குறைஞ்சு போனா சில பேருக்கு அரிசி, ஐஸ், மண்ணு, சாம்பல்னு ஏதாவது ஒண்ணு மேல இப்படி ஒரு அடங்காத ஆசை வரும், அது உங்க உடம்பு காட்டற அறிகுறி, கெட்ட பழக்கம் கிடையாது. சத்து ஏற ஏற அதுவா போயிடும். இதை டாக்டர்கிட்டயும் சொல்லுங்க, நிறைய பேர் மறைச்சுடறாங்க, அதனாலயே கண்டுபிடிக்க லேட்டாகுது.

முதல்ல நம்பர். கர்ப்பமா இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழ போனா ரத்தசோகைன்னு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லுது, உங்க பையன் வயசுக்கு 11. அப்போ ரெண்டு பேருக்குமே கணிசமாத்தான் குறைஞ்சிருக்கு. மருந்தை நிறுத்தினது மட்டும் சரியில்ல, இன்னைக்கே திரும்ப ஆரம்பிங்க. வயிறு கட்டினா டாக்டர்கிட்ட சொல்லுங்க, வேற வகை இரும்பு மாத்திரை இருக்கு, சில பேருக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடுப்பாங்க, அப்படிக் குடுத்தா உடம்பு இன்னும் நல்லா உறிஞ்சுதுன்னு ஆராய்ச்சியே வந்திருக்கு. மலம் கறுப்பா போறது சகஜம், பயப்படாதீங்க. நம்பர் ஏறின உடனே நிறுத்தவும் கூடாது, உடம்பு இரும்பைச் சேமிச்சு வைக்கற இடம் ரொம்பறதுக்கு அதுக்கப்புறமும் சில மாசம் சாப்பிடச் சொல்லுவாங்க. இன்னொரு முக்கியமான விஷயம், அந்த மருந்து பாட்டில் பையன் கைக்கு எட்டாத உயரத்துல இருக்கணும், இரும்பு மருந்தைக் குழந்தைங்க அளவுக்கு மீறி முழுங்கிட்டா உயிருக்கே ஆபத்து. உடம்புல இரும்புச் சேமிப்பு எவ்வளவு இருக்குன்னு காட்டற ஃபெரிட்டின்னு ஒரு டெஸ்ட் இருக்கு, அதை எடுத்தாங்களான்னும் கேளுங்க. தலசீமியான்னு பரம்பரையா வர்ற ரத்தக் கோளாறைச் சுமக்கறவங்க சிங்கப்பூர்ல கொஞ்சம் பேர் இருக்காங்க, அவங்களுக்கும் ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைச்சலாவே காட்டும், ஆனா அதுக்கு இரும்பு மாத்திரை தீர்வு கிடையாது. எதுன்னு தெரிஞ்சுகிட்டா நிம்மதி.

இப்போ டானிக். டாக்டர் குடுத்த மருந்தே உங்களுக்கு டானிக், கடையில வேற எதுவும் வாங்க வேணாம். ஒரு வயசு தாண்டின குழந்தைக்கு டின்ல வர்ற வளரும் பருவப் பால் பவுடர் தேவையில்லைன்னு உலகச் சுகாதார நிறுவனம் 2013லயே சொல்லிடுச்சு. இங்க ஃபார்முலா பால் விலை எந்த அளவுக்கு ஏறிச்சுன்னா 2017ல போட்டித்தன்மை ஆணையம் அதை ஆராய்ஞ்சு அறிக்கையே போட்டாங்க, பத்து வருஷத்துல சராசரி விலை இரண்டு மடங்குக்கு மேல போயிருந்துச்சு. விளம்பரத்துல வர்ற குழந்தையோட கன்னத்தைப் பார்த்துட்டு நம்ம புள்ளைக்கு இது குடுக்கலியேன்னு ஏங்கற அம்மாக்களை நான் பார்த்துகிட்டே இருக்கேன், சம்பளம் கம்மியா இருக்கற வீட்டுலதான் அந்த ஏக்கம் அதிகம், சமைச்சுப் போடறதுல திருப்தி இல்லாம ஒரு டின் வாங்கினா கடமையைச் செஞ்சாச்சுன்னு மனசு ஆறுது. அந்தக் காசுக்கு முட்டையும் மீனும் கீரையும் எத்தனை நாளைக்கு வரும்னு ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்க.

பையன் விஷயத்துல அந்த அஞ்சு பாட்டில்தான் கோளாறு. ஒரு பாட்டில் 240 மில்லின்னு வெச்சா 1,200 மில்லி, அதுலயே 700 கலோரிக்கு மேல வந்துடுது. ரெண்டரை வயசுப் பையனுக்கு ஒரு நாளைக்கே ஆயிரத்துச் சொச்சம்தான் வேணும். பாதிக்கு மேல பாலே ரொப்பிட்டா அவன் எப்படிம்மா சோறு சாப்பிடுவான்? பால்ல இரும்பு இல்லைன்னே சொல்லலாம், அதுல இருக்கற கால்சியம் மத்த சாப்பாட்டுல இருக்கற இரும்பையும் உறிஞ்ச விடாது. அதனால ஒரு நாளைக்கு 500 மில்லியைத் தாண்ட வேணாம். திடீர்னு நிறுத்தாதீங்க, நாலஞ்சு நாளைக்கு ஒரு தடவை ஒரு பாட்டிலைக் குறைச்சுட்டு வாங்க, ராத்திரிப் பாட்டிலை எடுத்துட்டு கப்புக்கு மாத்துங்க, சாப்பாட்டுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம் பால் வேணாம். முதல் வாரம் அழுவான். வீட்டுல மத்தவங்க பாவம்னு சொல்லி நைசா ஒரு பாட்டில் கலந்து குடுத்துடுவாங்க, அதனால அத்தை மாமாகிட்ட முன்னாடியே டாக்டர் சொன்னார்னு சொல்லி வெச்சுடுங்க. இரும்பு மருந்தையும் பாலோட குடுக்காதீங்க, கொஞ்சம் ஆரஞ்சு ஜூஸோட குடுங்க.

இனிமேதான் நான் உங்ககிட்ட முக்கியமா சொல்ல நினைச்சது. உங்க வீட்டுல சாப்பாடு இல்லாம இல்ல. வாரத்துல மூணு நாள் மீனும் கறியும் சமைக்கறீங்க, ஆனா அது சட்டியிலேர்ந்து உங்க தட்டுக்கு வர்றதில்ல. மீன் வாங்கறீங்க, ஏழெட்டு துண்டு வரும், மாமாவுக்கு ரெண்டு, வீட்டுக்காரருக்கு ரெண்டு, என்எஸ்ல இருக்கற கொழுந்தன் வாரக் கடைசியில வந்தா அவனுக்கு ரெண்டு மூணு, பையனுக்கு முள்ளு குத்திடும்னு குழம்பு ஊத்தி ரெண்டு வாய், அப்புறம் உங்களுக்கும் அத்தைக்கும் தலையும் வாலும் குழம்பும். எழுதலைன்னாலும் இப்படித்தான் நடக்கும்னு எனக்குத் தெரியும், ஏன்னா நான் கேட்டுப் பார்த்த எத்தனையோ வீட்டுல இதுதான். யாரும் உங்களைப் பட்டினி போடணும்னு நினைக்கல. ஆனா மாசாமாசம் ரத்தம் போற உடம்பு யாருது, புள்ளை பெத்த உடம்பு யாருது, அந்த வீட்டுலயே அதிகமா இரும்பு தேவைப்படற ஆளு நீங்கதான், உங்களுக்குத்தான் மிச்சம் வருது.

இது உங்க வீட்டுக் கதை மட்டும் இல்ல. இந்தியாவுல 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுல 15லேர்ந்து 49 வயசு வரைக்கும் உள்ள பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, ஆறு மாசத்துலேர்ந்து அஞ்சு வயசுக்குள்ள இருக்கற குழந்தைகள்ல 67 சதவீதம். ஏழைங்களுக்குத்தான் அதிகம்ங்கறது உண்மை, ஆனா வசதியான வீட்டுப் பெண்கள்லயும் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இருக்கு, அப்போ காசு மட்டுமே காரணம்னு எப்படிச் சொல்றது? டயான் காஃபி, ரீத்திகா கேரா, டீன் ஸ்பியர்ஸ்னு மூணு பேர் இந்தியக் கிராமத்துக் கூட்டுக்குடும்பங்களை எடுத்துப் பார்த்தாங்க. ஒரே வீடு, ஒரே அடுப்பு, அண்ணன் தம்பி ரெண்டு பேர் குடும்பம். அதுல இளைய மருமகளோட புள்ளைங்க மூத்த மருமகளோட புள்ளைங்களைவிட உயரம் கம்மியா இருந்தாங்க. வீட்டுல அம்மாவுக்கு என்ன இடமோ அது புள்ளையோட உயரத்துல தெரியுது. நான் இதை முதல்ல படிச்சப்ப ரொம்ப நேரம் மனசு ஆறவே இல்ல.

அப்போ தனிக்குடித்தனம்தானே வழின்னு கேப்பீங்க. எனக்கு அப்படித் தோணலை. நீங்க தனியா போனா வாடகை கட்டணும், கரண்டு தண்ணி பில் கட்டணும், பஸ், ஃபோன், இதெல்லாம் குறைக்க முடியாத செலவு, சிங்கப்பூர்ல கை வைக்க முடியற ஒரே செலவு சாப்பாடுதான். மாசக் கடைசியில அரிசியும் மேகி மீயும் இருக்கும், மீனும் பழமும் போயிடும், இருக்கற ஒரு துண்டையும் பையனுக்கும் அவருக்கும் வெச்சுட்டு நீங்க ஊறுகாயோட முடிச்சுக்குவீங்க. தனியா இருந்தும் கடைசியா சாப்பிடற பெண்களை நான் நிறைய பார்க்கறேன். ஒத்தையா புள்ளை வளர்க்கற அம்மாக்கள், ஷிஃப்டு வேலைக்குப் போயிட்டு வந்து புள்ளைக்கு கோப்பிக்கடையில ஒரு பரோட்டா வாங்கிக் குடுத்துட்டு தான் ஒரு தே ஓவோட, அதாவது வெறும் கட்டன் டீயோட படுத்துடறவங்க. ரெண்டு பேரும் வேலைக்குப் போற வசதியான வீட்டுல வேற மாதிரி, நகெட்டும் மைலோவும் தாராளமா இருக்கும், பக்கத்துல உக்காந்து ஊட்ட ஆள் இருக்காது. கூட்டுக்குடும்பத்துல ஒரு பாட்டி இருக்காங்க பாருங்க, பொறுமையா முள்ளு எடுத்து ஊட்ட நேரம் இருக்கறவங்க, அது காசு குடுத்தாலும் கிடைக்காது.

பாட்டின்னு சொன்னதும் இன்னொரு ஆராய்ச்சி ஞாபகம் வருது. தென்னாப்பிரிக்காவுல 1990கள் ஆரம்பத்துல கறுப்பின முதியவங்களுக்கும் பென்ஷனை நல்லா உயர்த்தினாங்க. எஸ்தர் டுஃப்லோன்னு ஒரு பொருளியல் அறிஞர், 2019ல நோபல் வாங்கினவங்க, அந்தப் பணம் வந்த வீட்டுக் குழந்தைகளைப் பார்த்தாங்க. பாட்டி கைக்குப் பென்ஷன் வந்த வீட்டுல பேத்திங்களோட எடையும் உயரமும் நல்லா கூடியிருந்துச்சு, தாத்தா கைக்கு வந்த வீட்டுல அப்படி ஒரு மாத்தமும் தெரியல. அதே அளவு பணம்தான். அதனால உங்க அத்தையை எதிரியா நினைக்காதீங்கம்மா, உங்க வீட்டு மார்க்கெட் காசு யார் கையில இருக்குன்னு பாருங்க. மாமா கையிலயோ வீட்டுக்காரர் கையிலயோ இருந்தா, வாரத்துக்கு ஒரு தொகையை அத்தை கையிலயும் உங்க கையிலயும் சேர்த்துக் குடுத்துடச் சொல்லி வீட்டுக்காரர்கிட்ட பேசுங்க. ரெண்டு பேரும் சேர்ந்து மார்க்கெட் போங்க.

அரசாங்கம் குடுக்கற சிடிசி வவுச்சர் ஒவ்வொரு சிங்கப்பூர்க் குடும்பத்துக்கும் வருது, அதுல பாதி சூப்பர்மார்க்கெட்ல செல்லும், மீதி அங்காடிக் கடையிலயும் பேட்டைக் கடைகள்லயும். அந்த லிங்க் வீட்டுல ஒருத்தர் ஃபோன்லதான் இருக்கும், பெரும்பாலும் ஆம்பளைங்க ஃபோன்ல. அதை உங்களுக்கும் வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லலாம், குடும்பத்துல யாரு வேணா அதைக் காட்டி வாங்கலாம். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா அடுப்படியில என்ன தீர்ந்து போச்சுன்னு தெரிஞ்ச ஆள் கையில அது இருக்கறது நல்லது. உங்க வருமானம் ஆறு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு 430 வெள்ளி சொச்சம்தான் வருது, கொழுந்தனோட என்எஸ் படியைச் சேர்த்தாலும் பெருசா ஏறாது. ஆள்வீத வருமானம் 800 வெள்ளிக்குள்ள இருக்கற குடும்பங்கள் பொதுவா காம்கேர்ங்கற அரசாங்க உதவிக்குக் கேக்கலாம், பக்கத்துல இருக்கற சமூகச் சேவை அலுவலகத்துல வீட்டுக்காரரைப் போய் விசாரிக்கச் சொல்லுங்க. கிட்ஸ்டார்ட்னு ஒரு திட்டம் 2016லேர்ந்து இருக்கு, வருமானம் குறைஞ்ச வீட்டுல ஆறு வயசு வரைக்கும் உள்ள குழந்தைகளுக்கு, வீட்டுக்கே வந்து வளர்ச்சி, சாப்பாடு பத்திச் சொல்லிக் குடுப்பாங்க, அதையும் கேளுங்க. பையனை முழு நாள் பாலர் பராமரிப்பு நிலையத்துல போட்டா அங்கேயே சமைச்ச சாப்பாடு குடுப்பாங்க, மத்தப் புள்ளைங்க சாப்பிடறதைப் பார்த்து இவனும் சாப்பிடுவான், அம்மா வேலைக்குப் போகாட்டியும் வருமானம் குறைஞ்ச குடும்பத்துக்குக் கூடுதல் மானியம் இருக்கு. கேக்கறதுக்குக் கூச்சப்படாதீங்க, கௌரவக் குறைச்சல்னு மாமா நினைக்கலாம், உங்க பையன் சிங்கப்பூர்க் குடிமகன், அவனுக்காக வெச்ச உதவி இது.

சரி, அடுப்படிக்கு வருவோம். குழம்பு இறக்கின உடனே, யாருக்கும் பரிமாறறதுக்கு முன்னாடி, மூணு சின்ன டப்பா எடுத்துக்கங்க. பையனுக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு, அத்தைக்கு ஒண்ணு. ஒவ்வொண்ணுலயும் ஒரு துண்டு மீன் போட்டு மூடி வெச்சுடுங்க. அதுக்கப்புறம் சட்டியை மேஜைக்குக் கொண்டு போங்க. யார்கிட்டயும் சண்டை வேணாம், யார் தட்டுலேர்ந்தும் பிடுங்கவும் வேணாம். கேட்டா, பாலிகிளினிக்ல சொன்னாங்கன்னு சொல்லுங்க. கடைசியாத்தான் உக்காருவீங்கன்னா கூட பரவாயில்ல, உங்க பங்கு தனியா இருக்கு. பழக்கம் மாறி எல்லாரும் ஒண்ணா உக்காந்தா இன்னும் சந்தோஷம், ஆனா அதுக்காகக் காத்துட்டு இருக்க உங்க உடம்புல தெம்பு இல்லம்மா.

என்ன சமைக்கறதுன்னா பெருசா எதுவும் வேணாம். டின் சார்டின் விலை கம்மி, இரும்பும் இருக்கு, முள்ளோட மசிச்சா கால்சியமும் கிடைக்கும், ஆனா உப்பு கூட இருக்கும், அதனால தனியா உப்பு போடாம வெங்காயம் தக்காளி வதக்கிச் சேர்த்தா பையனே சாப்பிடுவான். கோழி ஈரல்ல இரும்பு ரொம்ப அதிகம், மார்க்கெட்ல மலிவாவும் கிடைக்கும், வாரத்துக்கு ஒரு நாள் கொஞ்சமா வறுத்து நீங்களும் அத்தையும் சாப்பிடுங்க, பையனுக்கு ரெண்டு மூணு சின்னத் துண்டு போதும். அடுத்த குழந்தைக்கு முயற்சி பண்ற நேரத்துல மட்டும் ஈரலை விட்டுடணும், அதுல வைட்டமின் ஏ ரொம்பக் கூட, வயித்துல இருக்கற குழந்தைக்கு ஆகாது. தௌகுவாவை, அதாவது கெட்டி டோஃபுவை, பொடியா நறுக்கி முட்டையோட பொரிக்கலாம், பருப்புல பயாம் கீரையை, நம்ம ஊர் தண்டுக்கீரை மாதிரி, போட்டுக் கடையலாம், கொண்டைக்கடலை ஊற வெச்சு சுண்டல் பண்ணலாம். பருப்பு, கீரையில இருக்கற இரும்பு தானா சரியா ஏறாது, கூட புளிப்பா வைட்டமின் சி வேணும், அதனால இறக்கின அப்புறம் எலுமிச்சம்பழம் பிழியுங்க, இல்லைன்னா சாப்பிட்டதும் ரெண்டு துண்டு கொய்யா, ஆரஞ்சைவிட கொய்யாவுல வைட்டமின் சி அதிகம். சாப்பாட்டோடயும் சாப்பிட்ட உடனேயும் டீ காப்பி வேணாம், ஒரு மணி நேரமாவது தள்ளி வைங்க. மாத்திரைக்கும் அதே கணக்கு.

அடுத்த புள்ளை பத்தி அத்தை கேக்கறதுக்கு இப்போ தைரியமா பதில் சொல்லலாம். 9.1ல வயித்துல ஒரு குழந்தையைச் சுமந்தா உங்களுக்கும் ஆபத்து, குறைமாசமா எடை கம்மியா பிறக்கற வாய்ப்பும் கூடுது. பிறக்கற குழந்தை முதல் ஆறு மாசத்துக்குத் தேவையான இரும்பை அம்மா உடம்புலேர்ந்துதான் எடுத்துகிட்டு வருது, உங்ககிட்டயே இல்லாதப்ப அது எங்கேர்ந்து எடுக்கும்? நம்பர் ஏறட்டும், சேமிப்பு ரொம்பட்டும், அப்புறம் டாக்டர்கிட்ட பேசிட்டு முடிவு பண்ணுங்க. வீட்டுக்காரரை இந்த வரியைப் படிக்கச் சொல்லுங்க, அத்தைகிட்ட இதை எடுத்துச் சொல்ல வேண்டியது அவர் பொறுப்பு, உங்க தலையில மட்டும் விடக் கூடாது.

திரும்ப ரத்தம் பார்க்க பாலிகிளினிக் போறப்ப அத்தையையும் கூட்டிட்டுப் போங்க. அவங்களும் இத்தனை வருஷமா கடைசியாத்தானே சாப்பிட்டிருக்காங்க, அவங்க ஹீமோகுளோபின் என்னன்னு யாரும் பார்த்திருக்க மாட்டாங்க. அந்த வயசுல குறைஞ்சிருந்தா காரணம் வேற ஏதாவது இருக்கலாம், வயித்துல ரத்தக்கசிவு மாதிரி, அதனால சும்மா விடாம டாக்டரைக் கேக்கணும். மூணு பேரோட நம்பரும் வந்ததும் எனக்கு எழுதுங்க, பையன் பால் எவ்வளவு குறைஞ்சிருக்குன்னும் சேர்த்துச் சொல்லுங்க.